கானாடுகாத்தான் பியானோவின் மெருகைத் துலக்கிய பதிவு

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டின் முகப்பை ஒட்டிய ஹாலில் நிற்கும் பியானோவைச் சுத்தம் செய்து தரும்படி, கடந்த தை மாதத் தொடக்கத்தில் அந்த வீட்டு ஆச்சி என்னிடம் கேட்டார். காரைக்குடியில் 20 ஆண்டுகளுக்கு மேலாகப் பழைய மரச்சாமான்களுக்கு மெருகேற்றி வரும் எனக்கு இது நான்காவது பியானோ. இம்முறை நாள்தோறும் செய்ததைக் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன்; அந்தக் குறிப்புகளை விரித்து எழுதியதே இந்தப் பதிவு.

நிமிர்ந்து நிற்கும் வகையைச் சேர்ந்த அந்தப் பியானோ, ஆச்சியின் மாமனார் காலத்தில் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தது என்று வீட்டில் சொல்கிறார்கள். முன்பலகையில் வால்நட் மரத்தின் மெல்லிய மேலொட்டு (வெனீர்), இருபுறமும் பித்தளையில் வார்த்த மெழுகுவர்த்தித் தாங்கிகள், விரலால் அழுத்தி வாசிக்கும் 85 கட்டைகள். இன்றைய பியானோவில் 88 கட்டைகள் இருக்கும். 85 இருந்தால் பெரும்பாலும் பழைய கருவி என்று கொள்ளலாம். நான் பார்த்தபோது மேலொட்டின் ரேகைகள் எதுவுமே தெரியவில்லை. கறுப்பும் பழுப்புமாக ஒரு பிசுபிசுப்பு மேலெங்கும் படர்ந்திருந்தது. விரலை வைத்து எடுத்தால் ரேகை அப்படியே பதிந்தது.

“இதுக்கு என்ன போட்டுத் துடைக்கிறீங்க, ஆச்சி?” என்று கேட்டேன்.

“தூணுக்கும் கதவுக்கும் என்ன போடுவமோ, அதேதான் தம்பி. தேங்காய் எண்ணெய். அப்பத்தா இருந்தப்பவே வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை தொடைப்பாக.”

அந்த ஒரு பதிலில் நோயின் மூலம் தெரிந்துவிட்டது. அவர் சொன்னதில் குற்றம் காண்பதற்கு எதுவும் இல்லை என்பதையும் இங்கேயே பதிவு செய்ய விரும்புகிறேன். செட்டிநாட்டு வீடுகளில் மரத்தைப் பேணும் வழக்கமே எண்ணெயோடு பிறந்தது. முற்றத்தைச் சுற்றி நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்கள் எண்ணெயை உள்வாங்கிக் கொள்ளும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் எண்ணெய்த் துணியும் காலடியும் பட்டுப் பட்டுத்தான் பளபளப்பு ஏறுகிறது. ஆனால் பியானோவில் நம் கைக்குத் தட்டுப்படுவது மரம் அல்ல. மரத்தின் மேல் முடியைவிட மெல்லியதாகப் படிந்திருக்கும் அரக்குப் படலம். எண்ணெய் அதற்குள் இறங்க வழியில்லை. தேங்காய் எண்ணெய் காற்றில் உலர்ந்து இறுகும் குணமும் இல்லாதது என்பதால், எத்தனை ஆண்டு ஆனாலும் ஈரமாகவே மேலே நின்று, தூசியையும் சாம்பிராணிப் புகையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் துடைக்கத் துடைக்க, முந்தைய வார அழுக்கின் மேல் இன்னொரு பூச்சு ஏறியிருக்கிறது. ஆளிவிதை எண்ணெய் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அது இறுகிக் கறுத்துப் படலத்தோடு ஒட்டிவிடும், பிறகு அரக்கைச் சேதப்படுத்தாமல் அதைப் பிரிக்க முடியாது.

ஆகவே இந்த வேலையில் பெரும்பகுதி புதிதாக எதையும் பூசுவது அல்ல. அன்போடு பூசப்பட்டவற்றை ஒவ்வொன்றாக, கீழே இருக்கும் படலம் நோகாமல் எடுப்பதுதான். அதற்கு முதலில் அந்தப் படலம் எது என்பது ஐயமின்றித் தெரிய வேண்டும்.

பழைய பியானோக்களின் மேல் பொதுவாக மூன்று வகைப் பூச்சுகளில் ஒன்று இருக்கும். 1920கள் வரை பெரும்பாலும் அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணியால் தேய்த்து ஏற்றிய பிரெஞ்சு பாலிஷ். அதன் பின் தெளிப்புத் துப்பாக்கியால் (ஸ்பிரே கன்) அடிக்கும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். 1960களுக்குப் பிறகு கண்ணாடிபோல் தடித்து நிற்கும் பாலியெஸ்டர். சோதித்து அறிவது எளிது. யார் கண்ணிலும் படாத இடத்தில், நான் கீழ்ப்பலகையைக் கழற்றி அதன் உள்விளிம்பில், பஞ்சு சுற்றிய குச்சியை ஸ்பிரிட்டில் (மெருகு வேலைக்கான சாராயம்) தோய்த்து ஒரு புள்ளி வைத்தேன். பத்து எண்ணுவதற்குள் அந்த இடம் பிசுபிசுத்துப் பஞ்சில் தேன் நிறம் ஏறியது. அது அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லாக்கர் தின்னருக்கு இளகினால் அது லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பாலியெஸ்டர் என்று கொள்ளலாம். இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் எந்தப் புட்டியையும் திறக்கக் கூடாது என்பது என் கண்டிப்பான கருத்து.

அரக்கு என்று தெரிந்ததும் செய்யக் கூடாதவற்றின் பட்டியல் தானாக அமைந்துவிடுகிறது. ஸ்பிரிட் கரைத்துவிடும் என்பதால் கை கழுவும் சானிடைசர்கூட அருகில் வரக் கூடாது. காரமும் அரக்கைக் கரைக்கும். ஆகவே சலவைச் சோடா, சோப்புத்தூள், அமோனியா கலந்த கண்ணாடி துடைப்பான் ஆகியவை விலக்கு. தண்ணீர் நின்றால் படலம் வெளுக்கும். ஈரமோ சூடோ பட்டால் மேலொட்டை ஒட்டியிருக்கும் வச்சிரப் பசையும் இளகும். ஆனால் பெயின்டர்கள் பயன்படுத்தும் மினரல் டர்பன்டைன் அரக்கை ஒன்றும் செய்யாது, எண்ணெயை மட்டும் கரைத்து எடுத்துக்கொள்ளும். இந்த வேலை முழுவதும் தாங்கி நின்றது அந்த ஒரு குணத்தின் மேல்தான்.

முதல் இரண்டு நாட்கள் தூசி எடுப்பதிலேயே போயின. தூசியோடு துணியை இழுத்தால் அதில் உள்ள மணல் உப்புத்தாள் போல் கீறும் என்பதால், ஆட்டுமுடித் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டி, தட்டிய தூசியை வேக்குவம் கிளீனரின் குழாயைச் சற்று எட்டப் பிடித்து இழுத்துக்கொண்டேன். கீழ்ப்பலகைக்குள் பல்லி முட்டை ஓடுகள், ஒரு பித்தளைப் பொத்தான், கல்யாணப் பத்திரிகையின் மஞ்சள் தடவிய மூலை ஒன்று கிடைத்தன. கம்பிகளையும் சுத்தியல்களையும் நான் தொடவில்லை. இரும்புச் சட்டத்தின் மேல் கம்பிகளின் மொத்த இழுவிசை 15 முதல் 20 டன் வரை இருக்கும். விரல் வியர்வை பட்டாலே எஃகுக் கம்பி துருப்பிடிக்கும். அது சுருதி சேர்ப்பவரின் இடம்.

துணி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஊர்ப் பக்கம் பழங்கண்டாங்கிச் சேலைக்குக் குறைவே இல்லை. ஆச்சியும் இரண்டை எடுத்துக் கொடுத்தார். ஆனால் சாயத்துணி டர்பன்டைனிலும் ஸ்பிரிட்டிலும் நிறம் விடக்கூடும். ஆகவே பலமுறை துவைத்து மெலிந்த வெள்ளை நூல் வேட்டிகளைக் கேட்டு வாங்கி, சரிகைக் கரையை முழுவதும் வெட்டி எறிந்துவிட்டு, கையகல அளவில் கிழித்துக்கொண்டேன். சரிகை ஒரு இழை தங்கினாலும் கீறல் நிச்சயம்.

எண்ணெய் எடுக்கும் வேலையை இடது ஓரப் பலகையின் கீழ் மூலையில் தொடங்கினேன். துணியை டர்பன்டைனில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, மர ரேகையின் போக்கிலேயே ஒரு சாண் நீளத்துக்கு மெல்ல இழுத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் அழுக்கு இடம் மாறுமே தவிர வெளியேறாது. முதல் இழுப்பில் துணி கருவேப்பிலைத் துவையல் நிறத்தில் வந்தது. நான்காவது இழுப்பில் பழுப்பு. ஏழாவதில் வெளிர் மஞ்சள். அந்த ஒரு சாண் இடத்தில் வால்நட்டின் ரேகைகள், ஆற்று மணலில் நீர் வடிந்த தடம்போல் மெல்ல மெல்ல எழுந்து வந்தன. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த ஆச்சி அருகில் வந்து குனிந்து, “இது இந்த நிறமா?” என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் அங்கேயே நின்றார். வெளிப்புறம் முழுவதற்கும் நான்கு நாட்கள் ஆயின. இரண்டு லிட்டர் டர்பன்டைனும் ஏழு வேட்டிகளும் செலவாயின. சன்னல்களைத் திறந்து வைத்து, ஹாலில் விளக்கேற்றாமல், பயன்படுத்திய துணிகளைக் குவிக்காமல் முற்றத்துக் கொடியில் விரித்து உலர்த்தினேன்.

டர்பன்டைனுக்கு எண்ணெய் மட்டும்தான் வரும். கைவியர்வையும் சிந்திய பானகமும் நீரில் கரைபவை. அவற்றுக்கு, ஒரு குவளை நீரில் மென்மையான குளியல் திரவம் இரண்டு சொட்டு விட்டு, துணியை நனைத்து, இனி ஒரு துளியும் வராது என்னும் வரை முறுக்கிப் பிழிந்து துடைத்தேன். பின்னாலேயே உலர்ந்த துணி. அருங்காட்சியகங்களில் இத்தகைய படலங்களைப் பஞ்சில் தொட்ட எச்சிலால் சுத்தம் செய்யும் வழக்கம் உண்டு. அதில் உள்ள நொதிகள் அழுக்கை இளக்கும், அரக்கைத் தொடாது. கட்டைகளின் மூடிப்பலகையில் தங்க எழுத்தில் இருந்த பெயர்ப்பட்டைக்கு நான் அந்த முறையைத்தான் கையாண்டேன். அந்த எழுத்துகள் அழுத்தித் தேய்த்தால் உதிர்ந்துவிடும், ஸ்பிரிட் பட்டால் கரைந்தே போய்விடும்; பின் எவராலும் அதே எழுத்தைத் திரும்ப எழுத முடியாது.

இனி சந்தனமும் குங்குமமும். சரசுவதி பூசை அன்று வீட்டிலுள்ள வீணைக்கும் ஆர்மோனியத்துக்கும் வைப்பதுபோல் பியானோவின் மூடிப்பலகைக்கும் ஆண்டுதோறும் மூன்று பொட்டு வைத்திருக்கிறார்கள். சந்தனம் பிழிந்த ஈரத்துணிக்கே வந்துவிட்டது. குங்குமம் வரவில்லை. மரபான குங்குமம் மஞ்சளோடு சுண்ணாம்பு போன்ற காரத்தைச் சேர்த்துச் செய்வது. அந்தக் காரம் பொட்டின் அடியில் அரக்கைக் கொஞ்சம் தின்றிருந்தது. மஞ்சளின் நிறம் நீரில் கரையாது, ஸ்பிரிட்டில் உடனே கரையும். ஆனால் ஸ்பிரிட்டை இங்கே தொட முடியாது. கொழுப்பில் ஓரளவு கரையும் என்பதால், நான் இத்தனை நாள் அகற்றிக்கொண்டிருந்த அதே தேங்காய் எண்ணெயைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுப் பொட்டின் மேல் மட்டும் வைத்து, பத்து நிமிடம் விட்டு ஒற்றி எடுத்து, பின் டர்பன்டைனால் எண்ணெயை அகற்றினேன். ஐந்து முறை செய்தபின் செம்மை போய் இளமஞ்சள் சாயல் மட்டும் நின்றது. மஞ்சள் நிறம் வெளிச்சத்தில் தானே வெளிறும் என்பதால் மிச்சத்தை முற்றத்திலிருந்து வரும் நிழல் வெளிச்சத்துக்கு விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது தேடித்தான் கண்டுபிடிக்க முடிந்தது. பூசையை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இனிப் பொட்டைப் பித்தளைத் தாங்கியில் வைக்கலாம் என்று கேட்டுக்கொண்டேன், ஆச்சி ஒப்புக்கொண்டார்.

மேல்மூடியில் மூன்று வளையங்கள் இருந்தன. கல்யாணங்களில் பன்னீர்ச் செம்பையும் சந்தனக் கும்பாவையும் அதன் மேல்தான் வைப்பார்களாம். வளையத்தின் நிறமே சேதத்தின் ஆழத்தைச் சொல்லும். வெள்ளையாக இருந்தால் ஈரம் படலத்துக்குள் மட்டும் நுழைந்திருக்கிறது. உள்ளே உண்டான நுண்ணிய வெற்றிடங்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வெண்மை. கறுப்பாக இருந்தால் ஈரம் படலத்தைக் கடந்து மரத்துக்கே போய்விட்டது. இங்கே இரண்டு வெள்ளை, ஒன்று கறுப்பு. வெள்ளை வளையங்களுக்கு, பஞ்சுப் பொட்டணத்தில் ஸ்பிரிட்டை விட்டு, புறங்கையில் தட்டிப் பார்த்தால் குளிர்ச்சி மட்டும் தெரிந்து ஈரம் தெரியாத அளவுக்கு உலர்த்தி, விமானம் தரையைத் தொட்டு எழுவதுபோல் வளையத்தின் மேல் ஒரு கணம் பட்டும் படாமலும் வீச வேண்டும். ஸ்பிரிட் மேற்பரப்பை இளக்க, உள்ளே சிறைப்பட்ட ஈரம் வெளியேறும். நான்கைந்து வீச்சுக்கு ஒருமுறை பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். முதல் வளையம் அரை நாளில் மறைந்தது, இரண்டாவது மறுநாள். கறுப்பு வளையம் அடி உதிர்ந்த எனாமல் கூஜா ஒன்றினால் வந்தது. எனாமல் உதிர்ந்த இடத்தில் வெளிப்பட்ட இரும்பின் துருவும் வால்நட்டின் துவர்ப்புச் சத்தும் ஈரத்தில் கூடி மசிபோல் மரத்தில் இறங்கியிருக்கின்றன. அதை எடுக்க வேண்டுமானால் மேல்மூடியின் படலத்தை முழுவதும் உரிக்க வேண்டும். ஒரு வளையத்துக்காகப் பழைய மெருகைப் பலி கொடுக்க எனக்கு மனம் இல்லை. அது அப்படியே இருக்கிறது.

அந்த மேல்மூடியில் வேறொரு சிக்கலும் காத்திருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் வீட்டின் டிரைவர், காரின் டேஷ்போர்டுக்கு அடிக்கும் ஸ்பிரேயை நல்லெண்ணத்தோடு இதற்கும் அடித்துத் துடைத்திருக்கிறார். அதில் சிலிக்கோன் இருக்கும். அடித்த அன்று கண்ணைப் பறிக்கும் பளபளப்புத் தரும். ஆனால் பிற்பாடு அதன் மேல் எந்தப் பூச்சும் ஒட்டாது. சோதனைக்காக ஓரத்தில் புது அரக்கை இழுத்துப் பார்த்தபோது, தாமரை இலையில் நீர் விலகுவதுபோல் அரக்கு ஆங்காங்கே விலகி, மிளகளவு வட்டக் குழிகளாக நின்றது. சிலிக்கோன் மேலொட்டின் வெடிப்பு வழியே மரத்துக்குள் போனால் பின்னால் யார் மெருகேற்றினாலும் இதே கதைதான். தெளித்த சாரல் உள்ளே ஒலிப்பலகையிலும் சுருதி ஆணிகளிலும் படிந்தால் அது பாட்டையே கெடுக்கும். மேல்மூடியை மட்டும் டர்பன்டைனால் ஒன்பது முறை, ஒவ்வொரு முறையும் புதுத் துணியால், துடைத்த துணியை மீண்டும் தொடாமல் சுத்தம் செய்தேன். பத்தாவது சோதனையில் குழி விழவில்லை. பியானோவுக்கு எதையும் நேரே தெளிக்கக் கூடாது என்பதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

இவ்வளவு செய்தபின் பார்த்தால் கருவியின் பெரும்பகுதிக்குப் புது மெருகே தேவைப்படவில்லை. சுத்தமான அரக்கு, உலர்ந்த வேட்டித் துணியால் அரை மணி நேரம் தேய்த்ததிலேயே பழைய தேன் நிறத்தில் மின்னியது. புது அரக்கு வேண்டியிருந்தவை குங்குமம் தின்ற மூன்று இடங்களும், மேல்மூடியின் முன்விளிம்பும், இருக்கையில் அமர்பவரின் முழங்கால் உரசும் கீழ்ப்பலகை நடுப்பகுதியும் மட்டுமே.

அரக்கு நம் நாட்டுச் சரக்கு. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் பலாசு, இலந்தை போன்ற மரக்கிளைகளில் ஒரு சிறு பூச்சி சுரப்பது. அதை உருக்கி வடித்துச் செதிலாக்கி ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள், அது பியானோவின் மேல் ஏறிக் கப்பலில் திரும்பி வந்திருக்கிறது. ராஞ்சி அருகே அரக்கு ஆராய்ச்சிக்கென்றே 1924இல் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. அதே ஹாலின் அலமாரியில் அடுக்கியிருக்கும் நிமிடத்துக்கு 78 சுற்று இசைத்தட்டுகளும் அரக்கால் ஆனவைதான். அவற்றையும் ஸ்பிரிட்டால் துடைத்துவிடாதீர்கள் என்று சொல்லி வைத்தேன்.

நான் கலந்த அளவு, 250 மில்லி ஸ்பிரிட்டுக்கு 30 கிராம் செதில். கண்ணாடிப் புட்டியில் போட்டு ஓர் இரவு ஊறவிட்டு, காலையில் குலுக்கி, மெல்லிய துணியில் வடிகட்டினேன். கரைத்த அரக்கு ஆறு மாதத்துக்கு மேல் நன்றாக உலராது. பழைய புட்டியை நம்பி இறங்குவது தவறு. பஞ்சை எலுமிச்சை அளவு உருட்டி, அதன் மேல் வேட்டித் துணியைச் சுருக்கமின்றிப் போர்த்து முறுக்கினால் பொட்டணம் தயார். அரக்கைத் துணியின் மேல் விடாமல் உள்ளே இருக்கும் பஞ்சில் விட வேண்டும். துணிவழியே கசிவது மட்டுமே பலகைக்குப் போக வேண்டும்; பொட்டணம் இழுபடாமல் வழுக்க, அதன் அடியில் விரல் நுனியால் ஒரு புள்ளி எண்ணெய். வீச்சு ஓரத்துக்கு வெளியே தொடங்கி மறு ஓரத்துக்கு வெளியே முடிய வேண்டும், எக்காரணம் கொண்டும் பலகையின் மேல் நிற்கக் கூடாது.

கீழ்ப்பலகையில் மூன்றாவது பூச்சின்போது வாசலில் யாரோ கூப்பிட, திரும்பிப் பார்த்த ஒரு கணத்தில் என் கை நின்றுவிட்டது. பொட்டணம் ஒட்டிக்கொண்டது, எடுத்தபோது துணியின் நெசவு அப்படியே அரக்கில் அச்சாகி, இரண்டு மூன்று நூலிழைகளும் அதில் சிக்கியிருந்தன. அந்த இடத்தை உடனே சரிசெய்யப் போவதுதான் பெரிய ஆபத்து. இளகிய அரக்கை மேலும் தேய்த்தால் அடிப்படலமும் சுருண்டு வந்துவிடும். பலகையைச் சுவரோரம் சாய்த்து ஆறு நாள் தொடாமல் விட்டேன். ஏழாம் நாள் நன்றாக இறுகியிருந்தது. 600 எண் உப்புத்தாளை ஒரு துளி எண்ணெயில் தோய்த்து, தக்கைக் கட்டையில் சுற்றி, மேடாக நின்ற இடத்தை மட்டும் சமன் செய்து, எண்ணெயை டர்பன்டைனால் துடைத்துவிட்டு மீண்டும் பூசினேன். இப்போது தடம் தெரியவில்லை. பூச்சு முடிந்தபின், வழுக்கலுக்காக விட்ட எண்ணெய் மேலே மங்கலாக நிற்கும்; ஏறத்தாழ உலர்ந்த ஸ்பிரிட் பொட்டணத்தை இறகுபோல் ஓட்டி அதை எடுத்தால்தான் மெருகு கண் திறக்கும்.

பருவம் பற்றியும் ஒரு சொல். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைச் செய்யக் கூடாது. ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பூச்சு பூஞ்சை பூத்ததுபோல் வெளுத்துவிடும். தையும் மாசியும் செட்டிநாட்டின் வறண்ட காற்று இதற்கென்றே அமைந்த நாட்கள்.

பித்தளைத் தாங்கிகளைத் திருகாணி கழற்றித் தனியே எடுத்துப் புளி போட்டு விளக்கி, நன்றாக உலர்த்திப் பொருத்தினேன். பலகையில் இருக்கும்போதே பித்தளை விளக்கும் திரவத்தைப் போட்டால் அதைச் சுற்றி மரத்தில் அழியாத வெண்கறை விழும். கழற்ற முடியாத நீளக் கீல்களை அதனால்தான் துணியால் துடைத்ததோடு விட்டேன்.

வெள்ளைக் கட்டைகள் யானைத் தந்தம். ஒவ்வொரு கட்டையிலும் முன்பகுதியும் வால்பகுதியும் சேரும் இடத்தில் முடிபோன்ற ஒரு கோடு தெரிந்தால் தந்தம் என்று அறியலாம். பிழிந்த ஈரத்துணியால், பின்னிருந்து முன்னாக, ஒரு நேரத்தில் ஏழெட்டுக் கட்டைகள் துடைத்து உடனே உலர்த்தினேன். எலுமிச்சை, பற்பசை எதுவும் வேண்டாம். இருட்டில் மூடியே கிடந்தால் தந்தம் மஞ்சளாகும். பகலில் மூடியைத் திறந்து வைத்தாலே கொஞ்சம் தெளியும். ஒட்டு விட்டு ஒரு சில்லு கழன்றால் அதைத் தொலைக்காமல் உறையில் போட்டு வைக்க வேண்டும். தந்தத்தை வாங்கவோ விற்கவோ சட்டம் இடம் தராது.

வேலை நடந்த நாட்களில் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர், மகளுக்கு வாங்கிய புதிய கறுப்புப் பியானோவுக்கும் இதையே செய்யலாமா என்று கேட்டார். அது பாலியெஸ்டர். அதற்கு அரக்கும் வேண்டாம், மெழுகும் வேண்டாம். தூசியைத் தூரிகையால் தட்டிவிட்டு, பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் நேர்கோட்டில் துடைத்து உலர்த்தினால் போதும். கறுப்புப் பளபளப்பில் வட்டமாகத் துடைத்த தடம் வெயில் சாயும்போது சிலந்தி வலைபோல் தெரியும்.

இனி ஆச்சி வீட்டில் செய்ய வேண்டியது குறைவு. வாரம் ஒருமுறை உலர்ந்த தூரிகை. மாதம் ஒருமுறை பிழிந்த துணியும் உடனே உலர்ந்த துணியும். தேன்மெழுகை டர்பன்டைனில் குழைத்து ஒரு டப்பா கொடுத்திருக்கிறேன். அதை ஆண்டுக்கு ஒருமுறை, கை அடிக்கடி படும் விளிம்புகளுக்கு மட்டும், பட்டாணி அளவு எடுத்துத் தேய்த்து முழுவதும் துடைத்துவிட வேண்டும். மேற்குச் சன்னலின் மாலை வெயில் வலது பக்கப் பலகையில் விழுந்து அங்கே மட்டும் நிறம் வெளிறிப் படலம் நெல்வயல் வெடிப்பாக விண்டிருந்ததால், நால்வரைக் கொண்டு பியானோவை உள்சுவருக்கு மாற்றினோம். இத்தகைய பியானோ 200 கிலோவுக்கு மேல் கனம் கொண்டது. அதன் இரும்புச் சக்கரம் ஆத்தங்குடிக் கல்லை உடைத்துவிடும் என்பதால், சக்கரங்களுக்கு அடியில் பலகைத் துண்டுகளை மாற்றி மாற்றி வைத்துத்தான் நகர்த்தினோம். இப்போது ஒவ்வொரு சக்கரமும் ஒரு தேக்குத் தட்டில் நிற்கிறது. தரை துடைக்கும் நீர் அடிப்பலகைக்கு ஏறாது, கரையான் ஏறினாலும் உடனே தெரியும். பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டு நூல் துணியில் உறை தைக்கச் சொன்னேன். பிளாஸ்டிக் ஈரத்தை அடைத்து வைக்கும்.

மேல்மூடியில் இனி எதையும் வைப்பதில்லை என்று முடிவாயிற்று. பன்னீர்ச் செம்பு வைக்கப் பியானோவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டிருக்கிறார்கள். மீதமிருந்த அரக்குப் புட்டியின் மேல் கலந்த தேதியை எழுதி, ஆடிக்குப் பிறகு இதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் குறித்து, ஆச்சியின் அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன்.